தோளில் தொடங்கும் ஆடை

தையற்கலை உடலின் அளவுகளைத் துணிக்குள் கொண்டுசேர்க்கும் கலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. சட்டைக்கு மார்பும் இடுப்பும் தோளும் மணிக்கட்டும் தனித்தனியே அளக்கப்படுகின்றன. புடவை, வேட்டி போன்ற தைக்காத ஆடைகளில் அந்தப் பொறுப்பு முழுவதும் ஒவ்வொரு நாளும் உடுத்துபவரின் கைக்கே விடப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது குளிர்நாடுகளில் ‘கேப்’ என்று வழங்கும் மேலாடை. கழுத்தில் பூட்டித் தோளிலிருந்து தொங்கவிடப்படும் கையில்லாத கம்பளி ஆடை அது. அளந்து வெட்டித் தைக்கப்படுவதுதான் என்றாலும், தோளைத் தாண்டிய பிறகு உடுத்துபவரின் உடலைப் பற்றி அது எதையுமே கேட்பதில்லை. பழங்காலச் சாயலில் ஒரு கேப்பைத் தைக்க முற்படுபவர் முன் நிற்கும் கேள்வியும் இந்த எளிமையிலிருந்தே பிறக்கிறது: உறுப்புகள் மிகக் குறைவாக உள்ள ஓர் ஆடையில், பழையதைப் பின்பற்றுவது என்பது அதன் தோற்றத்தைப் பின்பற்றுவதா, அந்தத் தோற்றம் உருவான காரணத்தைப் பின்பற்றுவதா?

தறி தருவது எப்போதும் நீள்சதுரத் துணியைத்தான். அதை அப்படியே தோளில் போர்த்தினால் மூலைகள் தாழ்ந்தும் நடுப்பகுதி ஏறியும் தொங்கும். அந்த மூலைகளை வளைவாக நீக்கினால்தான் கீழ் விளிம்பு ஒரே மட்டத்தில் நிற்கும். இந்த அறிவு மிகப் பழையது. சுவீடனில் கெரும் என்ற ஊரை ஒட்டிய மலைச் சதுப்பில் 1920இல் கிடைத்த கம்பளிப் போர்வை கி.மு. 360க்கும் கி.மு. 100க்கும் இடைப்பட்டது என்று கணிக்கப்பட்டுள்ளது. முட்டை வடிவிலான அதை இரண்டாக மடித்துப் போர்த்தியிருக்கிறார்கள். சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காகப் பலெர்மோவின் அரசப் பட்டறையில் 1133–34இல் உருவாக்கப்பட்டு, இன்று வியன்னாவின் அரசக் கருவூலத்தில் உள்ள மேலாடை, சிவப்புப் பட்டில் பொன்னிழையும் முத்தும் கொண்டு ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கங்களைத் தீட்டி, விளிம்பு நெடுக அரபு எழுத்துகளால் தன் பிறந்த இடத்தையும் ஆண்டையும் சொல்லிக்கொள்கிறது. அத்தனை ஆடம்பரத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதுவும் ஓர் அரைவட்டம்தான். சதுப்பில் கிடைத்ததும் கருவூலத்தில் இருப்பதும் பொருளால், உழைப்பால், விலையால் எட்டாத தொலைவில் இருந்தாலும், தோளிலிருந்து துணியைத் தொங்கவிடும் கணக்கு இரண்டுக்கும் பொதுவானது.

வடிவம் இவ்வாறு மாறாமல் இருக்க, துணியே அதன் பொருளை மாற்றிவந்தது. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை வெந்நீரும் சோப்பும் சேர்த்து நெடுநேரம் மிதித்தோ அடித்தோ இறுக்கும் முறை ஒன்று உண்டு. ஆட்டுரோமத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் அசைவும் கூடும்போது இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து, செதில்கள் கோத்துக்கொண்டு, திரும்பி வர வழியின்றிச் சிக்கிக்கொள்கின்றன. துணி நீளத்திலும் அகலத்திலும் கணிசமாகச் சுருங்கித் தடிக்கிறது. நெய்த கண்கள் மறைந்து, காற்றுக்கு எளிதில் வழிவிடாத, மழைத்துளி உடனே உள்ளிறங்காத பரப்பாகிறது. ஆல்ப்ஸ் மலைமக்களின் ‘லோடன்’ துணியும், இங்கிலாந்தின் மெல்ட்டன் மோப்ரே என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ‘மெல்ட்டன்’ துணியும் இவ்வகையைச் சேர்ந்தவை. இப்படி இறுக்கிய துணியின் முதன்மையான இயல்பு, வெட்டிய இடத்தில் அது பிசிறு விடாது என்பதே. சாதாரணத் துணியின் வெட்டுவாயில் ஊடையும் பாவும் கழன்று நூல்நூலாகப் பிரியும். நன்கு இறுகிய கம்பளியில் பிரிவதற்குத் தனி நூல் என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிராமத்துப் பெண்கள் முதல் வசதி படைத்தவர்கள்வரை அணிந்த சிவப்புக் கேப்புகளைப் புரிந்துகொள்ள இந்த ஓர் இயல்பைத் தெரிந்துகொண்டால் போதும். க்ளாஸ்டர்ஷயரின் ஸ்ட்ராட் பள்ளத்தாக்கு கருஞ்சிவப்புக் கம்பளிக்குப் பெயர்பெற்றிருந்தது. எஞ்சியிருக்கும் அக்காலக் கேப்புகளில் கீழ் விளிம்பு பெரும்பாலும் மடித்துத் தைக்கப்படாமல், கத்தரி போன வழியிலேயே நிற்கிறது. இது சோம்பலோ சிக்கனமோ அன்று; மடித்துத் தைத்தால் அந்தத் தடித்த துணி விளிம்பில் இரட்டித்து விறைத்து, அலைஅலையாக விழ வேண்டிய கீழ்ப்பகுதியைக் குலைத்துவிடும். உடலுக்கு உள்துணி இல்லாத கேப்புகளிலும், கழுத்தோடு இணைந்த முக்காட்டுக்கு மட்டும் பட்டு உள்துணி கொடுக்கப்பட்டது. தலைமுடி கம்பளியில் உரசிச் சிக்காமல் வழுக்கிச் செல்ல அது வேண்டியிருந்தது. முக்காட்டின் பின்புறத்தில் மிகுதித் துணியை ஒரு புள்ளியை நோக்கி விசிறிபோல் மடிப்பு மடிப்பாகக் கூட்டித் தைத்தார்கள். உயரமாகக் கட்டிய கூந்தலுக்கும் தொப்பிக்கும் இடம் கிடைத்தது அதனால்தான். 1797 பிப்ரவரியில் வேல்சின் ஃபிஷ்கார்ட் கரையில் சுமார் 1,400 பேர் கொண்ட பிரெஞ்சுப் படை இறங்கி இரண்டே நாளில் சரணடைந்ததைப் பற்றிச் சொல்லப்படும் கதையில், குன்றின்மேல் நின்ற வேல்ஸ் பெண்களின் சிவப்பு ஆடையைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள் என்று எண்ணி மிரண்டார்கள். கதை எந்த அளவுக்கு உண்மை என்பது வேறு விவாதம். அது நம்பத்தக்கதாக இருந்ததற்குக் காரணம், சிப்பாயின் சட்டையும் உழவர் வீட்டுப் பெண்ணின் கேப்பும் சிவப்புச் சாயமேற்றிய ஒரே இனக் கம்பளியில் தைக்கப்பட்டதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேப் மீண்டும் மீண்டும் தலையெடுத்ததை நாகரிகத்தின் சபலம் என்று கடந்துவிடலாகாது. 1830களில் பெண்களின் சட்டைக்கை தோளுக்குக் கீழே பெரிதாக உப்பி நின்றது. 1890களின் நடுவில் அதே உப்பல் திரும்பி வந்தது. அப்படிப்பட்ட கையைக் கோட்டின் குழாய்க்குள் திணிக்க முடியாது. திணித்தால் இரண்டுமே நசுங்கும். ஆகவே இரண்டு காலகட்டங்களிலும் தோளை மட்டும் மூடும் குட்டைக் கேப்புகள் பெருகின. இடைப்பட்ட 1850களிலும் 1860களிலும் எஃகு வளையங்கள் தாங்கிய அகன்ற பாவாடைக்கு மேல் சால்வைகளும் தளர்ந்த மேலாடைகளுமே பொருந்தின. பின்னர் பாவாடையின் அகலம் முன்பக்கம் குறைந்து பின்பக்கம் மட்டும் திரண்டபோது, சால்வையை விரித்துப் போர்த்த வழியில்லாமல் போயிற்று. 1870–71இன் பிரான்சு–பிரஷ்யப் போருக்குப் பிறகு காஷ்மீர்ச் சால்வைக்கான ஐரோப்பியச் சந்தை சரிந்தது. காஷ்மீர் நெசவாளர்கள் மாதக்கணக்கில் உழைத்து நெய்த சால்வைகள் பல லண்டனிலும் பாரிசிலும் கத்தரிக்கு ஆளாகி, ‘டால்மன்’ என்ற ஆடையாயின. முழங்கை உடலோடு ஒட்டியிருக்க, முன்கை மட்டும் வெளியே வரும்படி அமைந்த, பாதி கேப்பும் பாதிச் சட்டையுமான வடிவம் அது. அருங்காட்சியகங்களில் அவ்வாடைகளைப் பார்க்கும்போது, மாங்காய் வடிவங்கள் தோள் தையலில் பாதியாக அறுபட்டு நிற்பது கண்ணில் படும். நெய்தவரின் திட்டமும் வெட்டியவரின் திட்டமும் ஒரே துணியில் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் இருப்பது அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

இந்த வரலாற்றை மேசைமீது விரித்த துணிக்குக் கொண்டுவரும்போது அது கணக்காக மாறுகிறது. அரைவட்டக் கேப்பின் கழுத்துச் சுற்று 40 செ.மீ. என்று கொண்டால், அதை 3.14ஆல் வகுக்கக் கிடைக்கும் ஏறத்தாழ 12.7 செ.மீ. கழுத்து வளைவின் ஆரம். அதனுடன் 90 செ.மீ. நீளத்தைக் கூட்டினால் வெளி வளைவின் ஆரம் 102.7 செ.மீ. ஆகும். 150 செ.மீ. அகலத் துணியில் இதற்கு 2 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் போதும். ஓரத்தில் மிஞ்சும் பட்டையில் காலரையும் கழுத்துப் பட்டியையும் எடுத்துக்கொள்ளலாம். முழுவட்டமாக வெட்டினால் கீழ்ச்சுற்று 3.2 மீட்டரிலிருந்து 6 மீட்டராக உயரும். ஒரு சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள மெல்ட்டனில் அரைவட்டம் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாகவும், முழுவட்டம் 1.7 கிலோவுக்கு மேலும் வரும். அவ்வளவு எடையும் தொங்குவது இரண்டு தோள்களிலிருந்துதான். படத்தில் அழகாகத் தெரியும் முழுவட்டத்தைத் தடித்த கம்பளியில் தைத்தவர் அதை அலமாரியிலேயே விட்டுவிடுவதற்கு எடையே பல வேளைகளில் காரணமாகிறது.

இந்தக் கணக்கு தாளில் சரியாக வந்தாலும் உடலில் தவறிவிடும். அரைவட்டத்தைச் சுருட்டினால் கிடைப்பது கூம்பு; மனிதத் தோளோ கூம்பன்று. மேற்சொன்ன அளவில் கழுத்துத் தையலிலிருந்து 17 செ.மீ. கீழே துணியின் சுற்று சுமார் 93 செ.மீ. இருக்கும், அதே இடத்தில் இரு தோள்களையும் மேற்கைகளையும் சேர்த்துச் சுற்றினால் வளர்ந்தவர்களின் அளவு பெரும்பாலும் 100 செ.மீ.-ஐத் தாண்டும். ஆகவே கழுத்துக்குச் சரியாக வெட்டிய அரைவட்டம் தோளில் இறுகி, இறங்க இடமில்லாமல் கழுத்தருகே மேலேறிச் சுருளும். இதற்குப் பழைய தையற்காரர்கள் கண்ட தீர்வு, கழுத்தை வேண்டிய அளவைவிடப் பெரிதாக வெட்டி, மிகுதியைச் சிறுசிறு மடிப்புகளாகக் கூட்டிக் கழுத்துப் பட்டிக்குள் அடக்குவது. பின்வந்த தையற்காரர்கள் அதே மிகுதியைத் தோளின்மேல் ‘டாட்’ ஆகப் பிடித்தார்கள். ஒரு முனையில் அகன்று மறு முனையில் ஊசிபோல் முடியும் மடிப்புத் தையல் அது. முன்னதில் கழுத்தருகே துணி திரண்டு நிற்கும், பின்னதில் தோள் வழவழப்பாக இறங்கும் என்பதுதான் வேறுபாடு. இரண்டும் ஒரே பிழைக்கான திருத்தங்கள். எந்த நூற்றாண்டின் சாயல் வேண்டும் என்று முடிவு செய்பவர், உண்மையில் இந்த மிகுதித் துணியை எங்கே ஒளிப்பது என்றே முடிவு செய்கிறார்.

டாட்டைத் தைத்ததோடு தோள் அமைந்துவிடுவதில்லை. தடித்த கம்பளியில் டாட்டின் நடுமடிப்பைப் பிளந்து இருபுறமும் விரித்து, ஈரத்துணி போட்டு ஆவியெழ இஸ்திரி செய்து, ஆவி அடங்குமுன் வழவழப்பான மரக்கட்டையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சூடு தணியும்வரை கட்டையை எடுக்கலாகாது. ஆவியில் இளகிய ரோமம் குளிரும்போது அப்போதுள்ள வடிவத்திலேயே நிலைபெறுகிறது. டாட்டின் கூர்முனையில் எழும் சிறு புடைப்பை ஊசியால் சரிசெய்ய முடியாது. அதை நீராவிதான் சுருக்கித் தோளின் உருண்டையாக மாற்றும். கேப்பில் உடலுக்கென்று செய்யப்படும் சிற்பவேலை ஏறத்தாழ இந்த ஓரிடத்தில் மட்டுமே நிகழ்வதால், இங்கே அரைமணி நேரத்தை மிச்சம் பிடித்தவரின் கேப் வேறு எந்த அலங்காரத்தாலும் தேறாது.

தோளை அடுத்துக் கவனிக்க வேண்டியது ரோமத்தின் போக்கு. மெல்ட்டன், லோடன் போன்றவற்றின் மேற்பரப்பில் ரோமம் ஒரு திசையில் படிந்திருக்கும். அதன் போக்கில் தடவினால் வழுக்கும், எதிர்த்துத் தடவினால் நிமிரும், நிமிர்ந்த நிலையில் நிறமும் சற்று ஆழ்ந்து தெரியும். அரைவட்டத்தை ஒரே துண்டாக, நேர்விளிம்பு பாவின் வழியே அமையும்படி வெட்டினால், முன்பக்கத்தின் ஒரு விளிம்பில் ரோமம் கீழ்நோக்கியும் மறு விளிம்பில் மேல்நோக்கியும் போகும். வெட்டும்போது தெரியாத இந்த மாறுபாடு, பூட்டி நிற்கும்போது இரண்டு வெவ்வேறு துணிகளை இணைத்ததுபோல் வெயிலில் வெளிப்படும். இதைத் தவிர்க்க அரைவட்டத்தை இரண்டு கால்வட்டங்களாக்கி, ஒவ்வொன்றின் முன்விளிம்பிலும் ரோமம் கீழ்நோக்கிப் படியும்படி வெட்டி, நடுமுதுகில் இணைப்பதே வழி. பழைய கேப்பில் முதுகுத் தையல் இல்லை என்பதற்காக இதைத் தவிர்ப்பவர், ரோமத்தை மிக ஒட்டக் கத்தரித்துப் போக்கே தெரியாமல் செய்த அக்காலத் துணியும் தம் கையில் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்.

வட்டத்தில் வெட்டிய ஆடைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. முன்விளிம்பு பாவின் வழியிலும் நடுமுதுகு ஊடையின் வழியிலும் அமைய, இவற்றுக்கு இடைப்பட்ட பகுதி தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் மூலைவாட்டில் வருகிறது. பாவுக்கும் ஊடைக்கும் சாய்வாக இழுபடும் துணி நெகிழும். பாரிசின் மதலேன் வியோனே 1920களிலும் 1930களிலும் உடலோடு ஒழுகும் ஆடைகளை உருவாக்கியது இந்த நெகிழ்வை ஆராய்ந்துதான். கேப்பிலோ அது வேண்டாத இடத்தில் வந்து நிற்கிறது: சொந்த எடையால் இரு பக்கங்களும் தாழ்ந்து, ஒரே மட்டமாக வெட்டிய விளிம்பு கோணலாகும். ஆகவே கழுத்தையும் தோளையும் முடித்தபின் கேப்பை ஒரு பகலும் ஓர் இரவுமாவது தொங்கவிட்டு, பிறகு தரையிலிருந்து அளந்து விளிம்பைச் சமன் செய்வது வழக்கம். உள்துணியையும் இதே போலத் தனியே தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் மேல்துணியோடு சேர்த்துத் தைக்காமல் அங்கங்கே நூற்சங்கிலியால் மட்டும் பிணைப்பார்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் நெகிழ்பவை என்பதால், சேர்த்துத் தைத்தால் ஒன்று மற்றொன்றை மேலே இழுத்துப் பை போலத் தொங்கச் செய்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கேப் எல்லாக் குளிருக்கும் ஏற்ற ஆடையன்று. துணிக்கும் உடலுக்கும் இடையே தேங்கும் காற்றே வெதுவெதுப்பைத் தருகிறது. கேப்பின் அடிப்பகுதி திறந்திருப்பதால், சூடேறிய காற்று கழுத்து வழியே வெளியேறி, அதன் இடத்தைக் கீழிருந்து குளிர்காற்று பிடிக்கிறது. கழுத்துப் பூட்டும் உயர்ந்த காலரும் அலங்காரமாக அல்லாமல் அடைப்பாக வேலை செய்வது இதனால்தான். கையை உயர்த்தினால் முன்பக்கம் முழுதும் திறந்துகொள்ளும். சுமை தூக்கவோ ஏணி ஏறவோ அது உதவாது. பிரிட்டனின் மருத்துவமனைச் செவிலியர் நெடுங்காலம் அணிந்த, சிவப்பு உள்துணி கொண்ட கருநீலக் கேப் இந்தக் குறையை அறிந்தே அமைந்தது: தோளிலிருந்து வரும் இரண்டு பட்டைகள் மார்பின் குறுக்கே ஒன்றையொன்று வெட்டிச் சென்று பின்னால் பூட்டப்பட்டன. முன்பக்கம் திறந்திருந்தாலும் கேப் பின்னால் சரியாது; கைகள் விடுபட்டிருக்கும்; ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் குளிரில் நடந்து, வார்டை அடைந்ததும் ஒரு நொடியில் கழற்றிவிடலாம். இன்று அந்தக் குறுக்குப் பட்டைகளை வெறும் அழகுக்காக முன்பக்கத்தில் தைத்து, பின்னால் எதையும் தாங்காமல் விட்டுவிடும் கேப்புகளைக் கடைகளில் காணலாம்.

கைகளை மறைக்கும் ஆடை ஆட்சியாளரின் ஐயத்துக்கும் ஆளாகியிருக்கிறது. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோசின் இத்தாலிய அமைச்சரான எஸ்கிலாச்சே பிரபு, நீண்ட கேப்பும் அகன்ற விளிம்புத் தொப்பியும் முகத்தையும் ஆயுதத்தையும் ஒளிக்க உதவுகின்றன என்று கூறி 1766 மார்ச்சில் மட்ரிட் நகரில் அவற்றைத் தடை செய்தார். மீறியவர்களின் கேப்புகள் தெருவிலேயே கத்தரிக்கப்பட்டன. ஏற்கெனவே ரொட்டி விலையால் கொதித்திருந்த மக்கள் கிளர்ந்தெழ, அமைச்சர் பதவியிழந்து நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. உடலின் வடிவத்தைச் சொல்லாத ஆடை அணிபவரின் நோக்கத்தையும் சொல்லாது என்ற அச்சம் அந்த ஆணையில் இருந்தது. மக்களுக்கோ அந்த மறைவு பழகிப்போன ஓர் உரிமையாக இருந்தது.

ஆகவே பழைய கேப்பில் காணும் ஒவ்வொரு கூறுக்கும் பின்னால் ஒரு நெருக்கடி இருந்திருக்கிறது: உப்பிய சட்டைக்கை, உயர்ந்த கூந்தல், பிசிறு விடாத துணி, ஓடியாடும் செவிலியரின் கைகள். அந்த நெருக்கடிகளில் பல இன்று இல்லை. துணியும் பழைய துணியன்று. கடையில் மெல்ட்டன் என்ற பெயரில் விற்பவற்றில் செயற்கை இழை கலந்தவை பல. செயற்கை இழைக்கு ரோமத்தின் செதில் கிடையாது என்பதால், கலப்பு மிகுந்த துணி போதிய அளவு இறுகாமல் வெட்டுவாயில் பிசிறு விடும். ஒரு சிறு துண்டை வெட்டி விரல்நகத்தால் விளிம்பைச் சுரண்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். நூல் கழன்றால், பதினெட்டாம் நூற்றாண்டைப் போல விளிம்பை வெட்டியபடியே விடுவது அந்த நூற்றாண்டுக்குச் செய்யும் மரியாதையாகாது. கிராஸ் பட்டை கொடுத்து விளிம்பைக் கட்டுவதே அக்காலத் தையற்காரரின் அறிவுக்கு நெருக்கமானது, தோற்றத்தில் அது விலகினாலும். அவர் மடிக்காமல் விட்டது துணியைத் தொட்டுப் பார்த்துச் செய்த முடிவு. இன்று தைப்பவர் அவரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டியது அந்தத் தொட்டுப் பார்த்தலையே அன்றி, மடிக்காத விளிம்பை அன்று.